ஜெர்மேனியம் விட்ட வழி

அடையாற்று ஆய்வுக்கூடத்தில் மூன்றாவது நாளாக ஜலஜா ஒரு ஜெர்மேனியத் துண்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். தீக்குச்சி நீளம்தான் இருக்கும். இரும்பு மாதிரி பளபளக்கும், வெயிலில் தூக்கிப் பிடித்தாலும் துளி வெளிச்சம் ஊடே வராது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு முனையில் விட்டால், குழாய்த் தண்ணீர் மாதிரி உள்ளேயே ஓடி மறுமுனையில் வர வேண்டும். வந்தால், எதிரே நிறுத்திய ஃபேக்ஸ் தாள் சூட்டில் கறுக்கும். தாளோ வெள்ளைவெளேரென்று நின்றது.

"இதுக்குள்ள ஒளி போகுமாம்! அம்மிக்கல்லுக்குள்ள போகும்னு சொல்லு, நம்பறேன்," என்று கூட வேலை பார்க்கும் குல்ஷனிடம் பொரிந்தாள்.

கடற்காற்றுத் தூசி படக்கூடாதென்று துண்டுக்கும் தாளுக்கும் நடுவே ஜலஜா ஒரு கண்ணாடித் தகடு வைத்திருந்தாள். தினமும் துடைத்துத் துடைத்து, அது இருப்பதே தெரியாத அளவுக்குச் சுத்தம். குல்ஷன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அகச்சிவப்பு லேசரைப் போட்டாள்.

தாளில் மிளகளவு கறுப்புப் புள்ளி விழுந்தது. தகட்டைத் திரும்ப வைத்துப் புதுத்தாள் மாட்டினாள். புள்ளியே இல்லை.

இந்த வகை அகச்சிவப்பைக் கண்ணாடி விழுங்கிவிடுகிறது. அந்த இருண்ட துண்டோ மூன்று நாளும் ஒளியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. ஜலஜா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவரை நானே எழுப்பி வெச்சுட்டு, ஜன்னலைப் போய்த் திட்டிண்டிருந்திருக்கேன்டி!"