சிப்பி ஒட்டாத கன்றுகள்

கணவன் சுகுமாரனின் காரை ஷர்மினி இருக்கையின் நுனியில் உட்கார்ந்துதான் ஓட்டினாள். ஆறடி மனிதனுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளி வைத்த இருக்கை. அவளுக்குக் கால்விரல் மட்டும்தான் பிரேக்கைத் தொட்டது. மாக் மண்டின் தொழிற்சாலையில் சாப்பாட்டுக்கு எழுந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். கருமாதிவரை ஒருத்தரும் குறை சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் செய்து முடித்தாள். அழுகைதான் வரவில்லை. சொந்தக்காரர்கள் அதையும் கவனித்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை என்ன?

விடுப்பு முடிந்த முதல் சனிக்கிழமையே மாணவர்களோடு பத்து காவான் கடற்கரைச் சேற்றில் இறங்கிவிட்டாள். அழிந்துபோன கடலோரக் கண்டல் காட்டைத் திரும்ப வளர்க்க வேண்டும். கரையில் எந்த இடத்தில் நட்டால் கன்று பிழைக்கும் என்று அவள் பள்ளிப் பிள்ளைகள்தான் பல்கலைக்கழகத்துக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கன்றிலும் எண் போட்ட அட்டை தொங்கும். எது இருக்கிறது, எது செத்தது என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அதை நம்பித்தான் பல்கலைக்கழகத்தார் கரை முழுக்கக் கன்று நடப்போகிறார்கள்.

"எல்லாமே உசுரோட இருக்கு டீச்சர்," என்றாள் குழுத்தலைவி ஜன்னத். கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

ஷர்மினி குனிந்து பார்த்தாள். மேட்டுப்பக்கக் கன்றுகளின் தண்டில், நட்டு மாதக்கணக்கானால் ஒட்டுகிற சின்னச் சின்னச் சிப்பிகள் அப்பிக் கிடந்தன. கடலை ஒட்டிய வரிசையில் ஒன்றில்கூட இல்லை. தண்டுகள் கழுவி வைத்த மாதிரி இருந்தன. அட்டைகள் மட்டும் வெயிலில் வெளுத்த பழைய அட்டைகள்.

"இத யாரு மாத்துனது?"

பக்கத்தில் நின்ற மாணவன் ஷர்வின் தன் பூட்ஸைப் பார்த்தான். ஜன்னத்தான் பேசினாள். "நாங்கதான் டீச்சர். இந்தப் பக்கம் மொத்தமும் செத்துப் போச்சு. நர்சரியில மிச்சம் இருந்த பாக்காவ் கண்டல் கன்ன எடுத்து நட்டோம். நீங்க திரும்பி வரும்போது எதுவும் செத்துக் கெடக்கக் கூடாதுன்னு..."

"சாரி லா டீச்சர்," என்றான் ஷர்வின்.

கோபம் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளவாவது தோன்றியிருக்க வேண்டும். ஊசி போட்டு மரத்துப்போன ஈறை நாக்கால் தடவுவதுபோலத் தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்படியே எழுதிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை, பிள்ளைகள் முகமும் வாடாது. ஆனால் அதை நம்பி, சாகிற இடத்திலேயே கொண்டுபோய் நட்டு வைப்பார்கள்.

"அட்டையெல்லாம் கழட்டுங்க."

"கன்னையும் புடுங்கணுமா டீச்சர்?"

"வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். வேற அட்டை போடுவோம்." வகுப்பில் பேசும் அதே குரலில்தான் சொன்னாள்: "செத்தத செத்துப்போச்சுன்னுதான் எழுதணும், ஜன்னத்."

வீட்டில் எல்லாரும் சுகுமாரன் 'தவறிட்டாரு' என்றுதான் சொன்னார்கள். அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. ஜன்னத் அழுதுகொண்டே அட்டைகளைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் போன பிறகு, அட்டைகளைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினாள். சேற்றுக்கால் பிரேக்கில் வழுக்கியது. இஞ்சினை அணைத்தாள். இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவியதில் இருக்கையை நகர்த்தும் கம்பி அகப்பட்டது. இழுத்தாள். மண் நெரிபடும் சத்தத்தோடு இருக்கை கொஞ்சம் முன்னால் வந்து நின்றது.

கால் இன்னும் சரியாக எட்டவில்லை. கம்பியை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.