ஆரஞ்சுச் சட்டை வரிசை

மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் இருக்கும் சட்டமன்றத்துக்கு வெண்டல் ஹாகன் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான். அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று ஒரு மசோதா. பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்தில் அதை எதிர்த்துப் பேசுவதாக ஊர் வேட்டைச் சங்கத்துப் பன்னிரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தான். அதற்காகவே மான்வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டியிருந்தான். வாசலில் குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்த்து, எதுவும் கேட்காமல் பெயரை எழுதிக்கொண்டார்.

உள்ளே அறை பாதிக்கு ஆரஞ்சு. நம் ஆட்கள் இத்தனை பேரா என்று பூரித்துப்போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தான்.

பக்கத்திலிருந்த பெண் கை குலுக்கினாள். “ரோசான் பெக்கர். டீச்சரா இருக்கேன். இன்னைக்கு எப்படியும் பாஸாயிடும் அண்ணே.”

“எது?”

“மசோதாதான். வேட்டைக்காரங்க, ‘என்னைச் சுட்டுறாதே’ன்னு போடுற நிறமாச்சே. அதான் நாங்களும் எடுத்துக்கிட்டோம்.”

தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வெண்டலுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுவதற்குள் கூட்டத் தலைவியின் குரல் மைக்கில் வந்தது. “ஆதரவுப் பட்டியல்ல கடைசி, வெண்டல் ஹாகன். ரெண்டு நிமிஷம்.”

“மேடம், நான் எதிர்ப்பு.”

அறையே சிரித்தது.

“எதிர்ப்புக்கான நேரம் முடிஞ்சுபோச்சு. இது ஆதரவுக்காரங்க நேரம். அவங்க விட்டுக்கொடுத்தா பேசுங்க.”

“பேசட்டும்,” என்றாள் ரோசான். “ஆனா ஒரு கேள்வி நான் கேப்பேன்.”

பேசும் நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. வெண்டல் மைக்கைப் பிடித்தான். “எங்க ஊர்ல பத்தொம்பது வயசுப் பொண்ணு ஒத்தையா நாப்பது மாட்டைப் பாத்துக்கறா. ஓநாய்க்கூட்டம் வந்தா, அவளுக்கு இருபத்தொண்ணு ஆகட்டும்னு காத்திருக்குமா?”

மசோதாவை எதிர்ப்பவர்களின் வரிசை கைதட்டியது. விளக்கு மஞ்சளானது.

ரோசான் எழுந்தாள். “முகந்தெரியாத பத்தொம்பது வயசுப் பையன் உங்க துப்பாக்கியை விலைக்குக் கேக்கறான். குடுப்பீங்களா அண்ணே?”

“முதல்ல அவன் அப்பாகிட்ட பேசுவேன்.”

“கடைக்காரர் பேசுவாரா?”

வெண்டலின் கண்முன் பன்னிரண்டு முகங்களும் வந்து நின்றன. பொய் சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும்.

“மாட்டாரு. நானும் குடுக்க மாட்டேன்.”

சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே இரைச்சல். குமாஸ்தா பேனாவோடு திகைத்துப் பார்த்தார். “இப்ப உங்களை எந்தப் பக்கம் சார் எழுத?”

“எதிர்ப்புன்னே எழுதுங்க. குடுக்க மாட்டேன்னு சொன்னதையும் பக்கத்துலயே எழுதுங்க. ஊர்ல நானே சொல்லிக்கறேன்.”