உராகாஸே மூழ்கவில்லை

“முழுப் பேரை எழுதணுங்க. இது என்ன, கப்பல் பேரா?”

“ஐயோ, மன்னிச்சுக்குங்க. பழக்கதோஷத்துல எழுதிட்டேன்.”

“உங்களுக்கு முன்னாடி வந்த அம்மாவும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. என்ன, சேந்து வந்தீங்களா?”

பேனாவோடு மேல் வரியைக் குனிந்து பார்த்தார் அந்த மனிதர். ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டின் பொத்தான் வயிற்றைத் தாண்ட மறுத்து, ஒரு ஊசியால் சமாளிக்கப்பட்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களின் பதிவேட்டில் ‘ஹாகிகாஸே’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘இசோகாஸே’.

“சிஹோ, இங்க வாம்மா,” என்று திரும்பிக் குரல் கொடுத்தார் பெரியப்பா மசாஹாரு. “உங்கப்பன் சாவுக்குக் கடற்படையே வந்திருக்கு.”

சிஹோ மெல்ல வந்தாள். மூன்று நாட்களாக அவள் கால்கள் ஒரே வேகத்தில்தான் நடந்தன. நகராட்சிப் படிவம், பூவின் நிறம், சவப்பெட்டிக்குள் வைக்கும் பனிக்கட்டியின் எடை என்று யார் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்று சொல்லிச் சொல்லி வாய் மரத்துப்போயிருந்தது. அஞ்சலி மேடையில் இருந்த அப்பாவின் படத்தைக்கூட டாக்ஸி உரிமத்திலிருந்துதான் பெரிதாக்கினார்கள். அவரிடம் வேறு நல்ல படம் இல்லை.

“வாங்க,” என்றாள். “செய்தி அனுப்பினது நான்தான்.”

குரே நகரத்தின் மேட்டுச் சந்துகளில் முப்பத்துநாலு வருடம் டாக்ஸி ஓட்டியவர் அவள் அப்பா குசுமி யோஷிதகா. ஓய்வுக்குப் பிறகு ஞாயிறு மதியங்களில் கணினியில் கடற்போர் விளையாடினார். அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஹிரோஷிமாவிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வாள். “இப்ப வேண்டாம், கடல்ல இருக்கேன்,” என்று வைத்துவிடுவார். போன ஞாயிறு அவள் அழைக்கவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

திங்கள் காலை குடியிருப்பு மேலாளர்தான் கதவைத் திறந்தார். இதயம், ஞாயிறு மூன்று மணி சுமாருக்கு என்றார் மருத்துவர். அப்பாவின் காதில் ஹெட்செட் மாட்டியபடியே இருந்தது. திரையில், ஆட்டத்தில் அப்பா வைத்திருந்த கப்பல் பேரைச் சொல்லி ஒரு வரி காத்திருந்தது: ‘உராகாஸே, முழிச்சாச்சா?’

அந்த வரியின் கீழே அப்பாவின் பேரையும் சாவுச் செய்தியையும் இடத்தையும் மட்டும் தட்டினாள். அவர்களிடம் கேட்க வேண்டியதை நேரில் கேட்கலாம் என்று விட்டுவிட்டாள். அப்பா போகும்போது யாராவது கூட இருந்தார்களா?

*

குன்றின் மேலிருந்த எரியூட்டுக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருப்பு அறையில் டப்பாச் சோறு பரிமாறினார்கள். சன்னல் வழியே சிப்பி வளர்க்கும் தெப்பங்கள் தெரிந்தன.

பெரியப்பாவுக்கு மௌனம் ஒத்துவராது. “சரி, உங்கள்ல யாரு கேப்டன்?”

“எல்லாருமே கேப்டன்தாங்க. அதனாலதான் எப்பவும் தோக்குறோம்,” என்றாள் ஹாகிகாஸே. பல் மருத்துவமனையில் உதவியாளர். முப்பது வயதுகூட ஆகவில்லை.

“தோக்குறதுன்னு ஆயிடுச்சுன்னா, பெரிய போர்க்கப்பலா எடுத்துக்கிட்டுத் தோக்க வேண்டியதுதானே?”

“நாங்க ககேரோ வகுப்புத்தான் எடுப்போம். நாசகாரிக் கப்பல். தகடு மெல்லிசு, ஒரு குண்டு பட்டாப் போச்சு. ஆனா யார் கண்ணுலயும் படாம எதிரி பக்கத்துல போயிடலாம். உராகாஸே சொல்லுவாரு, சந்துல டாக்ஸி விடுற மாதிரின்னு.”

“அவன் சொல்லுவான். என் வேலியை ரெண்டு தடவை இடிச்சவன்.”

இசோகாஸே முதல்முறையாகச் சிரித்தார். ஒனோமிச்சியில் தோஃபு கடை வைத்திருப்பவர். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. “நிஜப் போர்ல இந்த வகுப்புல பத்தொன்பது கப்பல். தப்பிச்சது யூகிகாஸே ஒண்ணுதான். அந்தப் பேருக்கு நானும் இவளும் அடிச்சுக்கிட்டோம். ‘அது யாருக்கும் வேணாம், மூழ்குன பேராவே வெச்சுக்குவோம்’னுட்டாரு அவரு.”

சிஹோ சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

“ஞாயித்துக்கிழமை ‘முழிச்சாச்சா’ன்னு எழுதினது யாரு?”

ஹாகிகாஸே தலையைக் குனிந்துகொண்டாள். இசோகாஸே நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டார். கோட்டில் குத்தியிருந்த ஊசி தெறித்து எங்கோ விழுந்தது.

“நான்தாங்க.”

“மேல உக்காருங்க.”

அவர் எழவில்லை. “மூணு மணிக்கு ஆட்டம். பேசிக்கிட்டேதான் விளையாடுவோம். ‘வலது பக்கம் பாத்துக்க, நான் வரேன்’னாரு. அப்புறம் பேச்சில்ல. அவர் கப்பல் நடுக்கடல்ல நின்னுடுச்சு. காதுல... குறட்டைச் சத்தம் வந்துச்சு.”

“குறட்டையா?”

“அப்படித்தான் நெனச்சோம். ஏற்கெனவே ரெண்டு மூணு தடவை ஆட்டத்து நடுவுல தூங்கியிருக்காரு. அன்னிக்கும் சிரிச்சோம். நான் கேலிகூடப் பண்ணினேன். நாங்க ரெண்டு பேரும் அவரைச் சுத்திச் சுத்தி வந்து புகை போட்டு மறைச்சோம். கடைசி வரைக்கும் ஒரு குண்டு படவிடல. உராகாஸே மூழ்கலைங்க. அது எங்களுக்கு ஒரே பெருமை. ஆட்டம் முடிஞ்சப்ப சத்தம் நின்னிருந்துச்சு. தூங்கட்டும்னு விட்டுட்டோம்.”

பெரியப்பா எழுந்துவிட்டார். “ஒரு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணணும்னு தோணலையா உங்களுக்கு?”

“தோணியிருந்தாலும் எங்கன்னு சொல்றதுங்க? அவரு வீடு தெரியாது. குரேன்னுகூடச் சொன்னதில்ல. அவரு பேரே இவங்க எழுதித்தான் தெரிஞ்சுது.”

 பெரியப்பா சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“எவ்வளவு நேரம்?” என்றாள் சிஹோ.

“என்னதுங்க?”

“அந்தச் சத்தம்.”

“பதினோரு நிமிஷம்.”

பதினோரு நிமிடம். அவள் அந்த நேரத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்திருப்பாள். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இசோகாஸேயின் முன்னாலிருந்த தேநீர்க் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

வெள்ளைக் கையுறை அணிந்த ஊழியர் கதவருகே வந்து குனிந்தார். “குசுமி குடும்பத்தார் வரலாம்.”

தட்டின் மீது அப்பா வெள்ளையாக, மிகக் கொஞ்சமாக இருந்தார். அறையில் வெப்பம் இன்னும் மிச்சமிருந்தது. ஊழியர் தாழ்ந்த குரலில் சொன்னார், கால் எலும்பிலிருந்து தொடங்க வேண்டும், ஒரு எலும்பை இரண்டு பேர் சேர்ந்து குச்சிகளால் எடுத்துக் கலசத்தில் வைக்க வேண்டும். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு ஜோடி. முதல் எலும்பை எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கினார்கள்.

சிஹோவுக்கு எதிரே யாருமில்லை. அவளுக்கு அம்மாவும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை.

“ஜோடி இல்லைன்னா நான் நிக்கிறேங்க. பல பேருக்கு நின்னிருக்கேன்,” என்றார் ஊழியர்.

சிஹோ கால் எலும்பு ஒன்றின் ஒரு முனையைக் குச்சிகளால் பற்றினாள். தனியாகத் தூக்கினால் உடைந்துவிடும்போல் இருந்தது. அதன் மறுமுனை சாம்பலில் கிடந்தது.

உறவினர் அல்லாதவர்கள் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அங்கிருந்து செருமும் சத்தம் கேட்டது. கோட்டை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டாமல், இசோகாஸே உள்ளே பார்த்தார்.

“அந்தப் பக்கம்... நான் புடிச்சுக்கட்டுமாங்க?”