ரசலையன் சார் வீட்டுக்கு மீன் இல்லை

செசிலிக்குக் கோபம் வந்தால் கடற்கரை முழுக்கக் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கத்தித் தீர்க்கிற கோபமெல்லாம் அவளுக்குச் சில்லறைக் கோபம். வாயைத் திறக்காமல் மீன்கூடையை, அந்தக் கடவத்தை, தலையில் ஏற்றி அவள் மீன் விற்கக் கிளம்பினால்தான் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். அப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்தது, மகள் பிரிஜா பிளஸ் டூ படித்த வருஷம்.

அந்த வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் மடிக்கணினி தருகிறது என்று பிரிஜா வந்து சொன்னபோது, அவள் அப்பா கபிரியேல் முற்றத்தில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். கரைமடி இழுக்கிறவன் அவன். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையை இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்துக் கரைக்கு இழுப்பார்கள். கடைசியில் மீன் எல்லாம் வந்து சேர்கிற வலைப்பைக்குத்தான் அங்கே மடி என்று பெயர்.

"கெவர்மென்டு மடி தருதா? கயிறும் சேத்தா?" என்று கேட்டான் கபிரியேல்.

"அய்யோ அப்பா, மடி இல்ல, மடிக்கணினி. லேப்டாப்பு."

"அத முதல்லயே லேப்டாப்புன்னு பறயப்பிடாதா மக்கா!"

இந்தக் கதையைச் செசிலி மீன் விற்ற வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரித்தாள். ரசலையன் சார் வீட்டிலும் சொன்னாள். அவர்தான் அந்தப் பள்ளியில் லேப்டாப் விநியோகத்துக்குப் பொறுப்பான வாத்தியார். அவர் மனைவி லீலாபாய் அவளுக்குப் பழைய வாடிக்கை.

லேப்டாப் வந்தது. பாதிரியாராவதற்குச் செமினாரியில் படிக்கிற ஒரு பையன் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்த கணக்குப் பாடங்களைப் பிரிஜா அதில் போட்டுப் பார்த்தாள். இன்ஜினியரிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. கபிரியேலோ முதல் நாளே அதைக் கவிழ்த்துப் போட்டு, கத்தி முனையால் அடிமூலையில் ஒரு சிறிய சிலுவையும், சிலுவைக்குக் கீழே தூண்டில் முள் போல ஒரு வளைவும் கீறிவிட்டான். அது அவன் வீட்டு அடையாளம். துடுப்பானாலும் மிதப்புக்கட்டையானாலும் கடலில் போனால் யாருடையது என்று தெரிவதற்கு அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு.

"அரசாங்கச் சாமானப்பா!" என்று பிரிஜா அழுதேவிட்டாள்.

"தொலஞ்சா அரசாங்கமா வந்து தேடித் தரும்?" என்றான் அவன்.

கோட்டாறு சவேரியார் திருவிழா லீவு முடிந்து பள்ளி திறந்ததும், ஏதோ புதிதாக ஏற்ற வேண்டும் என்று சொல்லி ரசலையன் சார் எல்லா லேப்டாப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார். மற்ற பிள்ளைகளுக்கு நல்லபடியாகத் திரும்பி வந்தது. பிரிஜாவுக்கு வந்தது உயிர் இல்லாத பெட்டி. என்ன அமுக்கினாலும் வெளிச்சம் வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள். அடி மூலை வழவழவென்றிருந்தது.

கபிரியேல் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். செசிலியும் கூடப் போனாள். வராந்தாவில் பிள்ளைகளும் பெற்றோரும் நிற்கிற நேரம்.

"சாரே, இது எனக்க பிள்ளைக்க லேப்டாப்பு இல்ல. நான் அதுல அடையாளம் வெட்டியிருந்தேன்."

ரசலையன் சார் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பதற்றமே இல்லை மனிதருக்கு.

"அதத்தான் நானும் கேக்கேன். நான் தந்தது நல்ல லேப்டாப்பு. நீரே அடையாளம் வெட்டினேங்கிறீரு. அப்போ அது எங்க ஓய்? நல்லத வித்துப்போட்டு எவன்கிட்டயோ செத்தத வாங்கிட்டு வந்து என்கிட்ட நீட்டுதீரா? அரசாங்கப் பொருள வித்தா போலீஸ் கேஸு. பிள்ளைக்க படிப்பப் பாத்துதான் விடுதேன்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கரைமடிக்காரனுக்கு மடிக்கணினி குடுத்தா இப்படித்தான்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். தான் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்த அதே கதை இப்படித் திரும்பி வந்து புருஷன் முகத்தில் அடிக்கும் என்று செசிலி நினைத்ததே இல்லை. பெட்டியின் நம்பரை வைத்துப் பார்க்கலாம் என்றால் பதிவெல்லாம் சார் கையில். கபிரியேல் செத்த பெட்டியை எடுத்துக்கொண்டு வராந்தாவை விட்டு இறங்கினான். அடுத்தவன் மிதப்புக்கட்டை கரை ஒதுங்கினாலும் உடையவன் வீட்டைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் அவன். மறுநாள் கயிறு பிடிக்கிற இடத்தில் எவனோ ஒருத்தன், "லேப்டாப்பு வித்தவருட்ட ஒரு சாயா கேளுங்கலே" என்றான். அதற்குப் பிறகு கபிரியேல் கரைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

செசிலி மீன் விற்கப் போய்க்கொண்டுதான் இருந்தாள். சார் வீட்டுக்கும் போனாள். அவர் மேல்தான் கோபம், லீலாபாய் என்ன செய்வாள் என்று அப்போது நினைத்தாள். ஒரு காலை, அடுக்களைப் பின்புறம் உட்கார்ந்து அயிலை மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது சாரின் மகள் ஜிஷா படியில் வந்து உட்கார்ந்தாள். மார்த்தாண்டத்தில் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறவள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்க லேப்டாப் கிடையாது. அவள் மடியில் ஒரு லேப்டாப் இருந்தது. மூடியில் அரசாங்க முத்திரை இருக்கிற இடத்தை மறைத்துப் பெரிய பூப் படம் ஒட்டியிருந்தது. பூனை ஒன்று மீனுக்குப் பாய, ஜிஷா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அடிமூலையில் சிலுவையும் தூண்டில் முள்ளும்.

செசிலியின் கை நின்றுவிட்டது. பிடுங்கிக்கொண்டு ஓடலாம். தெருவில் நின்று கத்தலாம். ஆனால் பிடுங்கினால் லேப்டாப்தான் வரும். கபிரியேலின் பேர் வராது. திருடி என்று சார் அவளையும் சேர்த்துச் சொல்வார். அவள் மீதி மீனையும் வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள். அந்த எரிச்சலோடுதான் அன்றைக்கு மீதித் தெருவெல்லாம் நடந்தாள்.

மறுநாள் கரையில் மீன் எடுக்க வந்த பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடையாளம் வெட்டிய பொருளை எடுத்து வைத்துக்கொள்வதைவிடக் கேவலம் அந்தக் கரையில் இல்லை.

அன்று லீலாபாய் வாசலில் நின்று, "செசிலி, என்ன மீனு?" என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்கு மடியில விழல்லக்கா" என்றாள் செசிலி, நிற்காமல்.

கடவம் நிறையச் சாளை மீன் மினுங்கியது. பின்னால் வந்த மீன்காரியும் அதையே சொன்னாள். சைக்கிளில் வந்தவனும் அதையே சொன்னான். சார் சந்தைக்குப் போனால் பெண்கள் கடவத்தை மூடினார்கள். ஆள் விட்டு வாங்கப் பார்த்தார். "யாருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனைத் தொட்டார்கள். மீன் மணம் இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் சாவு வீடுதான். என்ன சங்கதி என்று அக்கம்பக்கம் விசாரித்தது. சங்கதி பள்ளிக்கும் போனது. வகுப்பில் சார் மடிக்கணினி என்று சொன்னால் போதும், பின் பெஞ்சிலிருந்து, "விழல்ல சார்!" என்று ஒரு குரல் வரும். வகுப்பே குலுங்கும். பிரிஜா வந்து சொல்லும்போதெல்லாம் செசிலிக்குச் சோறு ருசியாக இறங்கியது.

கடைசியில் உடைத்தது ஜிஷாதான். மீன்காரி ஒருத்தியை வழிமறித்து, "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் மாமி?" என்று கேட்டிருக்கிறாள். "லேப்டாப்புக்க அடியப் பாரு மக்கா" என்றாளாம் அவள்.

ஒரு சாயங்காலம், கரைமடி கரையேறுகிற நேரம், ரசலையன் சார் ஒரு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் கால் புதைய வந்தார். ஜிஷாவும் கூட வந்தாள். செசிலி அன்று கபிரியேலைக் கையைப் பிடித்து இழுத்துக் கரைக்குக் கூட்டி வந்திருந்தாள். பிரிஜாவும் பக்கத்தில் நின்றாள்.

"மாறிப் போச்சு" என்றார் சார் மெதுவாக. "கூட்டத்துல மாறிப் போச்சு. இத வச்சுக்க. வெளிய தெரியாண்டாம்."

செசிலி பையைத் தொடவில்லை. "சத்தமாப் பறயும் சார். கயிறு பிடிக்கியவங்க கேக்கட்டும்."

சார் கயிறு பிடித்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஜிஷாதான் பையைப் பிடுங்கிப் பிரிஜா கையில் கொடுத்தாள். "எங்கப்பா எனக்காக எடுத்துட்டாரு. எனக்குத் தெரியாது" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. கயிறு பிடித்தவர்கள் இழுப்பதை நிறுத்தினார்கள். சார் மகளைப் பார்த்த பார்வையைச் செசிலி ஆசை தீரப் பார்த்தாள்.

"போதும் செசிலி" என்றான் கபிரியேல். "சாருக்க பிள்ள அழுதா. விடு."

"உமக்குப் போதும். எனக்குப் போதல்ல. அவரு எங்க வச்சுப் பறஞ்சாரோ, அந்தப் பள்ளியில வச்சுப் பறயணும். அதுவரைக்கும் அவருக்க வீட்டுக்கு மடியில விழாது."

"வேலை போயிரும் செசிலி." சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இவருக்குப் பேரு போச்சே சார். அத எந்த ஆபீஸ்ல போய்க் கேக்க?"

திங்கட்கிழமை காலை பிரேயருக்குப் பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். செசிலி கடவத்தை இறக்காமல் பள்ளி கேட்டில் நின்றாள். மீன் விலைபோகிற நேரம் அது, போகட்டும். பக்கத்தில் கபிரியேல், கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில்.

ரசலையன் சார் மைக்குக்கு முன் வந்தார். அறிவிப்பு வாசிக்கிற குரலிலேயே தொடங்கினார். "மாணவி பிரிஜாவின் மடிக்கணினி விநியோகத்தின்போது தவறுதலாக மாறிவிட்டது. அவருடைய தந்தை அதை விற்கவில்லை என்பதை..."

"மாறல்ல சார்!"

மைதானம் முழுக்கத் திரும்பிக் கேட்டைப் பார்த்தது. ஹெட்மாஸ்டரும் திரும்பினார். செசிலி கடவத்தோடு உள்ளே வந்து, பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் நின்றாள்.

"மாறினா அது பெட்டிக்க குத்தம். நீரு என்ன செய்தீரு? அதப் பறயும்."

சார் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார். பின் பெஞ்சுப் பையன்கள்கூடச் சிரிக்கவில்லை. பிரிஜா வரிசையில் தலை நிமிர்ந்து நின்றாள்.

"எடுத்தேன்" என்றார் ரசலையன் சார். மைக் அந்தச் சொல்லை ரோடு வரைக்கும் கொண்டுபோனது. "நான்தான் எடுத்தேன்."

செசிலியின் நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் இத்தனை நாள் எரிந்த எரிச்சலுக்கு அது போதவில்லை.

"இன்னொருக்கா பறயும் சார்" என்றாள்.

இந்த முறை கபிரியேல் அவளைத் தடுக்கவில்லை.