இருவர் ஊற்றிய தண்ணீர்

துடைக்கத் துடைக்கக் கண்ணாடி இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. ஒரு கையால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, மறு கையில் இருந்த துணியால் அவள் முன்கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தாள். வெறும் ஆவியாக இருந்தால் பளிச்சென்று விலகியிருக்கும். இதுவோ எண்ணெய் தடவியதுபோல் இழுவிக்கொண்டு நின்றது. அந்த மங்கலுக்குள்ளிருந்து திடீரென்று இரண்டு விளக்குகள் முளைத்தன. லாரி!

பிரேக்கை மிதித்து ஓரமாக ஒடித்தாள். ஹாரன் அலற, லாரி ஒரு சாண் இடைவெளியில் கடந்து போயிற்று.

"பெரியம்மாவுக்குக் கண்ணுல புரை விழுந்துடுச்சு போலிருக்கு," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த கணவர்.

பெரியம்மா என்பது காரின் பெயர். இருபத்திரண்டு வயது. காலையில் இருமும், மேட்டில் முனகும், ஆனால் வர மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அவர் வைத்த பெயர்.

அவள் சிரிக்கவில்லை. காலை மணி எட்டு இருபது. ஒன்பதரைக்குள் மலையடிவார ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். முன்பு ஒருமுறை மண்சரிந்து பாதை அடைபட்டதில் ஒரு நாள் தவறிப்போனது. மறுநாளே நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்த வாயை அவளால் மறக்க முடியவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதற்குப் பிறகுதான், ஐம்பத்து மூன்று வயதில்.

ஹீட்டரிலிருந்து கதகதப்போடு ஒரு தித்திப்பு வாடையும் வந்துகொண்டிருந்தது. பத்து நாளாகவே அந்த வாடை உண்டு. இன்று தொண்டையைப் பிடித்தது. வெப்பம் காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கடவுளே, அந்த வளைவில் இருக்கும் பட்டறை வரைக்கும் போய்விட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தபடி நடைவேகத்தில் உருட்டிக்கொண்டு போனாள்.

பட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. மெக்கானிக், தடித்த கண்ணாடி போட்ட ஒரு கனத்த மனிதர், ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு லீவுக்கா," என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, ஒன்பதரைக்கு இவருக்கு டயாலிசிஸ். கண்ணாடி தெரியல. முள் சிவப்புக்கிட்ட போயிடுச்சு."

"முதல்ல இஞ்சினை நிறுத்துங்க. சூடு கொஞ்சம் இறங்கட்டும், இப்ப மூடியைத் திறந்தா கொதிதண்ணி முகத்துல அடிச்சிடும்."

அவர் கண்ணாடியில் விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். குனிந்து, கணவரின் காலடியில் கிடந்த விரிப்பை அமுக்கினார். விரலிடுக்கில் பிசுபிசுவென்று நீர் கசிந்தது.

"மழைத்தண்ணின்னு நெனச்சேன்," என்றாள் அவள்.

"மழை ஒட்டாதுக்கா. இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணியோட சூட்டுலதான் உங்க ஹீட்டர் வேலை செய்யுது. அதுக்குன்னு டாஷ்போர்டுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு. அது ஓட்டையாகி, ஆவி கண்ணாடிக்கும் தண்ணி விரிப்புக்கும் போகுது. ஆனா பார்க்காம சொல்லக் கூடாது."

சூடு இறங்கியதும், கெட்டித் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகினார். குறைந்திருந்த அளவுக்குப் பச்சைக் கூலன்ட்டை ஊற்றி நிரப்பி, மூடியின் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி நாலு தடவை அழுத்தினார். பம்பின் முள் ஏறியது. உடனே சரிந்தது. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து சொட்டு, சொட்டு, பிறகு ஒழுக்கு.

"அதேதான். நீங்க வர்றப்ப புகையும் வெள்ளையா இல்ல," என்று ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். "ஆயிலும் சுத்தம். இஞ்சின் பொழச்சுக்கிச்சு." அவள் மூச்சு விட்டாள். ஆனால் அவர் ஒழுகிய நீரை ஒரு டப்பாவில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "அக்கா, நீங்க என்ன ஊத்துறீங்க?"

"கூலன்ட்தான். பச்சை பாட்டில். வாரத்துக்குக் கால் பாட்டில் போதும், பெரிய கசிவா இருக்காதுன்னு..." கணவரிடம் சொன்னால் கவலைப்படுவாரே என்று ஒளித்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது இலைப்பச்சையா இருக்கணும். வெளுத்துப் போய்க் கிடக்குதே. வேற யாரோ வெறும் குழாய்த்தண்ணி ஊத்துறாங்க. தினமும் ஊத்தினாத்தான் இவ்வளவு வெளுக்கும். இப்படியே விட்டு உறைபனி விழுந்திருந்தா, வெறும் தண்ணி உள்ளயே உறைஞ்சு கட்டியாகி இஞ்சினே வெடிச்சிருக்கும்."

காருக்குள் கணவர் தன் விரல்நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கடிகாரம் பழுது பார்த்த விரல்கள்.

"என்னங்க?"

"நான்தான். விடியக்காலைல நீ குளிக்கப் போறப்ப." குரல் மிகவும் சின்னதாக வந்தது. "குறைஞ்சிருக்கிறதைப் பார்த்தேன். நீ ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே நடுங்குற. இதையும் சொல்லி உன்னைப் பயமுறுத்தணுமான்னு... எனக்குத் தண்ணி வெளிய போக மாட்டேங்குது, நம்ம பெரியம்மாவுக்கு உள்ள நிக்க மாட்டேங்குது. பாவம், எனக்கு அளந்து குடுக்கிறதை இவளுக்காவது அளக்காம ஊத்துவோம்னு."

மெக்கானிக் சிரித்துவிட்டார். அவளுக்குக் கோபம் வந்தது, அதன் பின்னாலேயே பயம். அவர் ஊற்றியது இவளுக்குத் தெரியாது, இவள் ஊற்றியது அவருக்குத் தெரியாது. பிரியத்தில்தான் இருவரும் மறைத்தார்கள். அந்தப் பிரியம்தான் ஓட்டையின் அளவு யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டது.

"வேற என்ன மறைக்கிறீங்க?" என்றாள்.

கேட்டது கோபத்தில்தான். ஆனால் அதற்குப் பதில் இருந்தது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து மூச்சு முட்டுது," என்றார். "படுக்க முடியல. உக்காந்தே இருந்தேன். ஒன்பதரைக்குப் போயிடுவோமேன்னு சொல்லல."

அப்போதுதான் பார்த்தாள். உதட்டோரத்தில் நீலம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே அவர் காற்றைத் தேடுகிறார். அந்த மீன் வாய்.

மெக்கானிக் தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் ஆஸ்பத்திரியை அழைத்தாள். எண்ணை இருமுறை தப்பாக அழுத்தினாள். "ஆம்புலன்ஸ் மேல வர நாப்பது நிமிஷம் ஆகும்," என்றார் நர்ஸ். "வண்டி ஓடும்னா நீங்களே உக்கார வெச்சே கூட்டிட்டு வந்துடுங்க. வாசல்ல ஆக்சிஜனோட நிக்கிறோம்."

"பத்து நிமிஷம்," என்றார் மெக்கானிக். அதற்குள் இஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஹீட்டருக்குள் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் கழற்றிவிட்டார். இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து, கிளாம்ப் போட்டு முறுக்கினார். தண்ணீர் இனி ஹீட்டர் பக்கமே போகாது. புதுக் கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றினார். முன்கண்ணாடியை சோப்புத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தார். மலைப்பாதை, மரம், வேலிக்கம்பி எல்லாம் கூராகத் தெரிந்தன.

"ஹீட்டர் கிடையாது. ரெண்டு ஜன்னலும் ரெண்டு விரல்கடை திறந்தே இருக்கட்டும், ஆவி படியாது." தன் கனத்த கோட்டைக் கழற்றிக் கணவரின் மேல் போர்த்தினார். "நான் முன்னால என் வண்டில போறேன் அக்கா. என் பின்விளக்கை மட்டும் பார்த்துட்டு வாங்க."

"உங்களுக்கு லீவாச்சே தம்பி."

"ரொட்டி ஆறினாலும் ரொட்டிதான். ஏறுங்க."

முப்பது நிமிடம், அவள் வாழ்வின் மிக நீளமான முப்பது நிமிடம். குளிர் காதை அறுத்தது. "பேசிட்டே வாங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பேச முடியாதபோது அவர் அவளுடைய முழங்காலில் விரலால் தட்டினார். கடிகாரம்போல், ஒன்று, ஒன்று, ஒன்று. தட்டு தாமதமான ஒவ்வொரு முறையும் அவள் உயிர் நின்று திரும்பியது.

வாசலில் நர்ஸ் நின்றிருந்தார்.

நான்கு மணி நேரம் கழித்து, மூன்று கிலோ தண்ணீர் இறங்கி, நிறம் திரும்பி, இரவு மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்ற டாக்டரின் சொல்லுக்குத் தலையாட்டிக்கொண்டு அவர் படுத்திருந்தார். அவள் கீழே போய் பெரியம்மாவின் முகப்பைத் திறந்து தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தண்ணி ஊத்தின அளவுலயே நிக்குது, இறங்கல," என்றாள். "அந்தத் தம்பி, வியாழக்கிழமை டாஷ்போர்டைக் கழட்டிப் புது ஹீட்டர் போடுறாராம். உங்களுக்கு டயாலிசிஸ் இல்லாத நாளாப் பார்த்துக் கேட்டுக்கிட்டார். உங்க மேல போர்த்தின கோட்டையும் அன்னிக்கு வாங்கிக்கிறாராம்."

அவர் கோட்டின் மேல் கையை வைத்தார். கிரீஸ் வாடை அடித்தது.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்குங்க," என்றாள் அவள், ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக.

"எனக்கும்தான்," என்றார். "நாளைக்குக் காலைல ரெண்டு பேருமா சேர்ந்து தண்ணி பார்ப்போம்."