உள்ளுக்க இரிக்கான்

தெரியாத நம்பரில் இருந்து கோல் வந்தால் நான் எடுப்பதில்லை. அன்று எடுத்ததற்குக் காரணம், வயலுக்குப் பசளை கொண்டுவருகிறவன் நம்பர் மாற்றியிருந்தான். அவன்தான் என்று நினைத்துவிட்டேன்.

பொம்பிளைப் பிள்ளையின் குரல். இந்தியத் தமிழ். மிச்சம் மரியாதையாகக் கதைத்தாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத ஆள் மரியாதையாகக் கதைத்தால் நம்மிடம் எதையோ எடுக்கப் பார்க்கிறார் என்றுதான் அர்த்தம்.

"சீனிமுகம்மதுங்களா?"

"நீங்க ஆரு?"

ஏதோ ஓபீசின் பெயரைச் சொன்னாள். விளங்கவில்லை. பிறகு கேட்டாள்: "ஹிஷாம் உங்க பையனா சார்? இப்ப வீட்ல இருக்காரா?"

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்ல" என்று வெட்டிவிட்டேன்.

ஹிஷாம் அப்போது பக்கத்து அறையில்தான் இங்கிலீசு படித்துக்கொண்டிருந்தான். மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே மகன்.

அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போக விசாவுக்குப் போட்டிருந்தான். செலவெல்லாம் என் பொறுப்பு என்று நான்தான் கையெழுத்து வைத்தேன். கல்முனையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஏஜென்சி. உள்ளே இருந்தவன் என் முகத்தைப் பாராமல் கொம்பியூட்டரைப் பார்த்தே கதைத்தான். கோல் வந்தால் பொடியனுக்குத்தான் வரும், ஹாஜியாருக்குக் கரைச்சல் இல்லை என்றான். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஹாஜியார் என்று வாய் கூசாமல் சொல்கிறவன் வேறு எதைத்தான் சொல்ல மாட்டான் என்று அப்போதே நினைத்தேன்.

கொஞ்ச நாளில் விசா இல்லை என்று வந்தது. தகப்பனுக்குக் கோல் எடுத்துக் கேட்டோம், அப்படி ஒருவர் இல்லை என்கிறார் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். ஹிஷாம் அதைத் தமிழில் எனக்குச் சொல்லி முடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, அவனுக்குத் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், எனக்கு மூத்தவரான காக்கா கலந்தரைத் தேடி ஆயுதத்தோடு ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று, கலந்தர் இருக்கிறாரா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். உம்மாவுக்குப் பொய் பழக்கமில்லை. "ஓம், உள்ளுக்க இரிக்கான்" என்றா. விசாரித்துவிட்டு அனுப்புவதாகக் கூட்டிப் போனார்கள். மையித்துக்கூட வரவில்லை. மவுத்தாகும் வரைக்கும் உம்மா வாசலுக்கு வந்து எவருக்கும் பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆம்பிளைப் பிள்ளையை யார் கேட்டாலும் இல்லை என்பதுதான் பதில். ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு வீடு வீடாக வாலிபர்களின் பெயர் கேட்டபோதும் இல்லைதான். ஹிஷாம் சின்னவனாக இருக்கும்போது, விளையாட வா என்று கூட்டாளி வந்து கூப்பிட்டால்கூடக் கட்டிலுக்கு அடியில் பூந்துகொண்டு "நான் இல்ல" என்று கத்துவான். நாங்கள் சிரிப்போம்.

இப்போது என் மனைவி மைமூனா சிரிக்கவில்லை. "வெளிநாட்டுக்காரனுக்கு ஒங்கட காக்காட கத தெரியுமா? எண்ட புள்ளைட படிப்பில மண்ணப் போட்டுட்டீங்க" என்றாள். வீடு அவளுடைய சீதன வீடு. நான் முற்றத்தில் போய் உட்கார்ந்தேன்.

நடந்ததை விளக்கி மறுபடியும் போடலாம் என்றான் ஏஜென்சிக்காரன். காக்காவின் கதையையும் எழுத வேண்டுமாம். அதை இவன் வாயில் போடுவதா என்று முதலில் மறுத்தேன். பிறகு சொன்னேன். அவன் தட்டிக்கொண்டே போனான், ஒருதரம்கூட நிமிரவில்லை.

அதிலிருந்து தினமும் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் ஹிஷாம் எனக்குப் பாடம் எடுத்தான். கோல் எடுத்த அந்தப் பொம்பிளைப் பிள்ளையின் தமிழிலேயே கேட்பான்.

"சார், ஹிஷாம் உங்க பையனா?"

"ஓம்."

"சத்தமா செல்லுங்க வாப்பா."

"ஓம், எண்ட மகன்."

"இப்ப வீட்ல இருக்காரா?"

அங்கேதான் எனக்கு வாய் ஒட்டிவிடும். எத்தனை தரம் கேட்டாலும் "தெரியா" என்றுதான் வரும். குசினிக்குள் அடுப்படியில் இருந்து மைமூனா சொன்னாள்: "ஒரு ஓம் செல்ல இவ்வளவு பாடா? நிக்காஹ் நேரமும் இப்பிடித்தான் முழிச்சிக்கிட்டு இருந்தீங்க." வெகுநாளைக்குப் பிறகு ஹிஷாம் சிரித்தான்.

கோல் வந்தது. இந்த முறை ஒரு ஆம்பிளை. ஹிஷாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஓம், எண்ட மகன்" என்றேன். "வீட்டதான் இரிக்கான்."

இன்னும் என்னென்னவோ கேட்டார். வயல், விளைச்சல், பெண்பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். போனை வைத்ததும் ஹிஷாம் கட்டிப் பிடித்தான். நான் அவனை விலக்கிவிட்டுப் போய், பட்டப்பகலில் கேற்றைப் பூட்டினேன். ஏன் என்று மைமூனா கேட்டாள். பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.

விசா கிடைத்தது. மைமூனா தெருவெல்லாம் பால்சோறு கொடுத்தாள்.

போகிற அன்று விமான நிலையத்துக்குப் போக வேன் வந்தது. நான் கேற்றுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். றைவர் இறங்கி வந்தான். ஊரான் இல்லை. ஸலாம் சொன்னான், நல்ல மரியாதை.

"ஹிஷாம் எண்டவர் இருக்காரா?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று அவன் இரண்டாம் முறையும் கேட்டான்.

மைமூனா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஓம் தம்பி" என்றாள். "உள்ளுக்க இரிக்கான்."