இரத்தினம்மாவின் பேரில் போன விரல்கள்

...சுண்டுவிரலுக்கு ஒரு விலை, மோதிர விரலுக்கு ஒரு விலை, சட்டத்தில் அதற்கு அட்டவணையே இருக்கிறதாம், தொழிற்சங்கத்துத் தியாகராஜா வாசித்துக் காட்டியபோதே பாலம்மாவுக்குக் குமட்டியது, கறிக்கடையில் ஈரல் இன்ன விலை, தொடை இன்ன விலை என்று சொல்கிற மாதிரி... சீ, கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து கண்டித் தொழில் இலாகாக் கந்தோரில் விசாரணைக்காக வாங்குப் பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போயிற்று, கையில் சுற்றிய கட்டுத்துணிக்குள்ளிருந்து மருந்து வாடை, பக்கத்தில் புருசன் மூக்கையா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தான், எல்லாமே அருவருப்பாக இருந்தது. வேலையில் அடிபட்டால் தோட்டம் நட்டஈடு கொடுத்தே ஆகவேண்டும், அது பிச்சை இல்லை, உரிமை என்றார் தியாகராஜா, நல்லது, யாருக்கு உரிமை? ஃபெக்டரி சல்லடை மெஷின் பெல்ட்டில் மாட்டி இரண்டு விரல் போனது பாலம்மாவுக்கு, விபத்துத் தாளில் இருப்பது நாத்தனார் இரத்தினம்மாவின் பேர்.

இரத்தினம்மா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய் ஏழு மாதம், ஆள் வராவிட்டால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள், நிரந்தரப் பேராயிற்றே, விட மனசு வருமா, அண்ணி சும்மாதானே இருக்கிறாள், அனுப்பு அவளை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள்! தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான், ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கரும் தெரிந்தே இரத்தினம்மா என்று பேர் போட்டார், ஆனால் பாலம்மா பிள்ளை பெற்றுக் கிடந்தபோது அவள் பேரை வெட்டினார்களே, அப்போது எவன் போய்க் கேட்டான்? ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து இப்போது விரலையும் கடித்தாயிற்று.

"கேட்டா இரத்தினம்மான்னு சொல்லிரு புள்ள, தங்கச்சி நமக்குக் குடுக்காமலா போயிரும்?" என்றான் மூக்கையா, குடுக்கும் குடுக்கும், பத்து விரலையும் வைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகும்... தியாகராஜாவிடம் உண்மையைச் சொல்லி அழுதபோது, பேர் பதியாவிட்டாலும் வேலை செய்தவளுக்குத்தான் நட்டஈடு என்றார், பிறகு குரலை இறக்கி, "சாட்சி வேணுமேம்மா" என்றார். எவள் வருவாள் சாட்சிக்கு, அங்கே பாதிப்பேர் அடுத்தவள் பேரில்தானே நிற்கிறார்கள், டீமேக்கரைக் கேட்டால் இந்தப் பொம்பளையைக் கண்டதே இல்லை என்பார், இரத்தினம்மா வேலையும் போகும், மாமியார் சோறு போடமாட்டாள்... போகட்டும், வருவது வரட்டும், பாலம்மா என்றுதான் சொல்லப் போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது, பியூன் தாளைப் பார்த்து, "இரத்தினம்மா?" என்றார்.

"வந்தேங்க" என்று சொல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

மூக்கையா நிம்மதியாக மூச்சு விட்டான். ஏழு மாதம் தினமும் காலையில் பேர் கூப்பிடும்போது அந்தப் பேருக்குத்தான் குரல் கொடுத்தாள், ஒருநாளாவது நாக்கு கூசியதா... இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் பார்த்துக் குமட்டியது, இப்போது சொந்த வாயை நினைத்தே குமட்டியது, உள்ளே போய் வேறு பேர் சொன்னால் இனி யார் நம்புவார்கள், பியூன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எந்தப் பேரோடு உள்ளே போவது?